மீட்டரில் 12 வோல்ட், வயருக்குள் பச்சைத் தூள்: கீழக்கரைக் கார் ஒன்றின் மிஸ்ஸிங்

வண்டி 2000-களின் தொடக்கத்தில் வந்த நாலு சிலிண்டர் பெட்ரோல் கார். கார்புரேட்டர் போய் எம்பிஎஃப்ஐ, அதாவது ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாகப் பெட்ரோல் தெளிக்கும் முறை, வந்த முதல் தலைமுறை. பெட்ரோல் தெளிக்க நாலு இன்ஜெக்டர், பிளக்குக்குப் பொறி கொடுக்க ரெட்டைக் காயில், எக்ஸாஸ்டில் ஓர் ஆக்சிஜன் சென்சார், டேஷ்போர்டுக்கு அடியில் இவற்றையெல்லாம் இயக்கும் கம்ப்யூட்டர் பெட்டியான ஈசிஎம். கம்பெனியின் பெயரை எழுதவில்லை. நடந்ததில் வண்டி செய்தவர்கள் மேல் குற்றம் எதுவும் இல்லை. இந்த வயதில் இந்தக் கரையில் நிற்கும் எந்த வண்டிக்கும் இது வரும்.

உரிமையாளர் கீழக்கரைக்காரர். வீடு கடலுக்குக் கூப்பிடு தூரம். தெரு குறுகல், வண்டி உள்ளே போகாது. அதனால் ராத்திரி முழுக்கத் தெருமுனையில், திறந்தவெளியில் நிற்கும். மார்கழியில் தொடங்கிய மிஸ்ஸிங், அதாவது ஒரு சிலிண்டர் எரியாமல் இன்ஜின் நொண்டும் தொந்தரவு, தை பிறந்ததும் முற்றிவிட்டது.

“காலையில எடுத்தா நொண்டுது தம்பி. ஐடிலிங்ல உதறுது, பிக்கப்பே இல்லை. ஏர்வாடி போய்ச் சேர்றதுக்குள்ள சரியாயிருது. அப்புறம் எங்கயாச்சும் பள்ளத்துல எறங்கி ஏறுச்சுன்டா மறுபடியும் அதே கதை.”

“மைலேஜ் எப்படி பாய்?”

“அதை ஏன் கேக்குறீங்க. பாதிதான் கொடுக்குது.”

எங்கள் பட்டறைக்கு வருவதற்கு முன்பே வண்டியில் பிளக் நாலும் புதுசு, ஹைடென்ஷன் வயர் புதுசு, காயில் புதுசு. இன்ஜெக்டரைக் கழற்றிக் கிளீன் செய்தாகிவிட்டது. ஆக்சிஜன் சென்சாரும் மாற்றியாகிவிட்டது. ஸ்கேனர் போட்டுப் பார்த்ததில் எரர் எதுவும் இல்லை. கடைசியாகச் சொல்லப்பட்ட தீர்ப்பு: ஈசிஎம் போய்விட்டது, புதிது கிடைக்காது, பழையது தேடிப் போட வேண்டும். அந்தத் தீர்ப்போடுதான் வண்டி வந்தது.

ஹைடென்ஷன் வயரைச் சந்தேகப்பட்டதில் தவறில்லை. ஈரக் காலையில் மிஸ்ஸிங், வெயில் ஏறினால் சரி என்றால் யாருக்கும் முதலில் அதுதான் தோன்றும். காயிலிலிருந்து பிளக்குக்குப் போவது இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல். வயரின் மேல்தோலில் ஒரு வெடிப்பு இருந்து, அதன்மேல் உப்பும் பனியும் படிந்தால், பொறி பிளக்குக்குப் போகாமல் பக்கத்திலிருக்கும் இரும்பில் பாய்ந்துவிடும். இருட்டில் பானெட்டைத் திறந்து தண்ணீர் தெளித்தால் நீலமாகத் தெறிப்பது கண்ணுக்கே தெரியும். பழைய வண்டிகளில் இந்த ஊரில் அடிக்கடி பார்ப்பதுதான். ஆனால் புது வயர் போட்டும் அதே மிஸ்ஸிங் அப்படியே இருந்தபோது, அந்தப் பாதை முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். அதே பாதையில் காயில் வரைக்கும் போயிருக்கிறார்கள்.

பிளக் சொன்னது

நாங்கள் வண்டியை இரவு வெளியிலேயே விட்டு, காலையில் பனி காய்வதற்குள் ஸ்டார்ட் செய்தோம். நொண்டியது. அந்த நிலையிலேயே நிறுத்தி நாலு பிளக்கையும் கழற்றி வரிசையாக வைத்தோம். 1, 2, 4 மூன்றும் கரி பிடித்துக் கருப்பு. 3 மட்டும் வெள்ளை. காய்ந்து, துடைத்து வைத்தது மாதிரி இருந்தது. மோந்து பார்த்தால் பெட்ரோல் வாசனையே இல்லை.

இதைப் புரிந்துகொள்ளாததால்தான் அந்த வண்டிக்கு இத்தனை செலவு. மூன்று கருப்பு பிளக்கைப் பார்த்த முந்தைய பட்டறைக்காரர் ‘பெட்ரோல் ஜாஸ்தி போகுது’ என்று முடிவு கட்டி ஆக்சிஜன் சென்சாரை மாற்றியிருக்கிறார். பெட்ரோல் ஜாஸ்திதான். ஆனால் ஏன் ஜாஸ்தி? மூன்றாம் சிலிண்டருக்குப் பெட்ரோலே வரவில்லை. அது வெறும் காற்றை இழுத்து வெறும் காற்றையே எக்ஸாஸ்டில் தள்ளுகிறது. அங்கே உட்கார்ந்திருக்கும் சென்சாருக்கு ஆக்சிஜன் அதிகமாகத் தெரிகிறது. ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்பது எடைக்கணக்கு. அதிலிருந்து காற்று கூடிவிட்டது என்று சென்சார் சொன்னால், எந்தச் சிலிண்டரிலிருந்து அந்தக் காற்று வந்தது என்று ஈசிஎம்முக்குத் தெரியாது. எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பெட்ரோலைக் கூட்டும். ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த மூன்றும் தேவைக்கு மேல் குடித்துக் கரி பிடிக்கும். மைலேஜும் விழும். மூன்று பிளக் கருப்பானதற்குக் குற்றவாளி, வெள்ளையாக இருந்த அந்த 3-ம் சிலிண்டர்.

பொறி வராமல் மிஸ்ஸாகியிருந்தால் படம் வேறு. எரியாத பெட்ரோல் அந்த பிளக்கை நனைத்திருக்கும், சைலன்சர் பக்கம் நின்றால் மூக்கை எரிக்கும், அந்தப் பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதைக் கெடுத்துவிடும். இங்கே அப்படி எதுவும் இல்லை. பாய்க்கு அதில் அதிர்ஷ்டம்.

காயில் பக்கத்து வயரிங்கை விலக்க இன்னொரு காரணமும் இருந்தது, அதற்கு மீட்டர்கூட வேண்டாம். ரெட்டைக் காயில் அமைப்பில் ஒரு காயில் 1-க்கும் 4-க்கும், இன்னொன்று 2-க்கும் 3-க்கும் ஒரே நேரத்தில் பொறி கொடுக்கும். காயிலுக்கு வரும் வயரில் கோளாறு என்றால் 2-ம் 3-ம் சேர்ந்தே விழ வேண்டும். 3 மட்டும் விழுகிறது. ஆக, பொறியை விட்டுவிட்டுப் பெட்ரோல் பக்கம் போகலாம்.

எர்த்

போவதற்கு முன்னால் எர்த்தை, அதாவது கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் பாதையைப் பார்த்தோம். கடற்கரை வண்டி எது வந்தாலும் எங்கள் பட்டறையில் இது வழக்கம். பேட்டரியின் நெகட்டிவ் முனையில் மீட்டரின் ஒரு முனை, இன்ஜின் பிளாக்கில் இன்னொரு முனை, செல்ஃப் அடிக்கும்போது எவ்வளவு வோல்ட் காட்டுகிறது என்று பார்ப்பது. 0.3-க்குள் இருந்தால் நிம்மதி. இந்த வண்டியில் 0.9. கியர்பாக்ஸிலிருந்து சேஸிஸுக்குப் போகும் பின்னல் எர்த் பட்டை கையில் எடுத்ததும் உதிர்ந்தது. போல்ட் உட்காரும் இடத்தில் பெயின்ட்டுக்கு அடியில் துரு செதில் செதிலாக இருந்தது.

புதுப் பட்டை போட்டு, உட்காரும் இடத்தை இரும்பு மின்னும்வரை தேய்த்து, போல்ட்டை முறுக்கியபின் மேலே கிரீஸ் தடவினோம். கிரீஸை முதலில் தடவிவிட்டுப் பட்டையை மாட்டுகிறவர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. செல்ஃப் முன்னைவிடச் சுறுசுறுப்பாக அடித்தது. ஹெட்லைட் கொஞ்சம் வெளுத்தது. மிஸ்ஸிங் மட்டும் போகவில்லை.

பழைய வண்டியில் இதுதான் சிரமம். கோளாறு ஒன்றுக்கு மேல் இருக்கும், எல்லாமே நிஜமான கோளாறாக இருக்கும், ஆனால் வந்த புகாருக்குக் காரணம் அவற்றில் ஒன்றுதான். எர்த் பட்டையை மாற்றியதும் வண்டியைக் கொடுத்து அனுப்பியிருந்தால் எங்கள் பெயரும் அந்தப் பழைய பட்டியலில் சேர்ந்திருக்கும்.

மூன்றாம் இன்ஜெக்டர்

இன்ஜின் ஓடும்போது ஒவ்வொரு இன்ஜெக்டர் கப்ளராக (வயரை இன்ஜெக்டரில் செருகும் முனை) கழற்றி மாட்டினோம். 1, 2, 4 எதைக் கழற்றினாலும் ஐடிலிங் இன்னும் விழுந்தது. 3-ஐக் கழற்றினால் எந்த மாற்றமும் இல்லை. பிளக் சொன்னது உறுதியானது.

இன்ஜெக்டரே பழுதா? அதற்குள் இருக்கும் காயிலின் ரெசிஸ்டன்ஸ் 13.8 ஓம். மற்றவையும் அதை ஒட்டித்தான். இந்த வகை இன்ஜெக்டருக்கு 12 முதல் 16 ஓம் வரை இருப்பது வழக்கம்.

அடுத்து கப்ளருக்கு வரும் சப்ளை. இக்னிஷன் ஆன், கப்ளர் வெளியே, மீட்டர் முனை சப்ளைப் பின்னில். எங்கள் பையன் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

“அண்ணே, கரண்ட் வருதுண்ணே. நாலுலயும் பன்னெண்டுக்கு மேல காட்டுது.”

எல்இடி டெஸ்ட் லேம்ப்பும் நாலிலும் ஒரே மாதிரி எரிந்தது. ஈசிஎம் பக்கத்து வயரில், இன்ஜெக்டரைத் திறக்க அது கொடுக்கும் துடிப்பும் ஒரே மாதிரி. முந்தைய பட்டறையிலும் இதே சோதனையைச் செய்து இதே பதிலைப் பெற்றிருப்பார்கள். சப்ளை இருக்கிறது, துடிப்பு இருக்கிறது, இன்ஜெக்டர் நல்லது, ஆனாலும் வேலை செய்யவில்லை, ஆகவே ஈசிஎம். கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது.

தப்பு எங்கே என்றால், மீட்டர் வயரிடம் வேலை எதுவும் வாங்குவதில்லை. நல்ல டிஜிட்டல் மீட்டருக்குள் ரெசிஸ்டன்ஸ் 10 மெகாஓம். அது வயர் வழியாக இழுக்கும் கரண்ட் ஒரு மைக்ரோஆம்ப்புக்குச் சற்று மேல். வயரின் இழைகள் எல்லாம் அறுந்து ஒன்று மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தாலும் அந்தக் கரண்ட் தாராளமாகப் போகும். வழியில் 10 ஓம் தடை இருந்தால்கூட மீட்டரில் குறைவது 12 மைக்ரோவோல்ட். எந்த மீட்டரும் அதைக் காட்டாது. எல்இடி லேம்ப்பும் சில மில்லிஆம்ப்பில் எரிந்துவிடும். இன்ஜெக்டர் கேட்பதோ ஏறக்குறைய ஒரு ஆம்ப்.

அதனால் வயரிடம் ஆம்ப் கணக்கில் கேட்டுப் பார்க்க வேண்டும். அதற்கு எங்களிடம் இருக்கும் கருவி பிரேக் லைட்டுக்குப் போடும் 12 வோல்ட் 21 வாட் பல்பு. ஒரு ஹோல்டர், இரண்டு வயர், இரண்டு கிளிப், அவ்வளவுதான். பல்பின் ஒரு வயர் பேட்டரி நெகட்டிவில், இன்னொன்று கப்ளரின் சப்ளைப் பின்னில்.

நாலாம் கப்ளரில் வைத்தோம். பளீரென்று எரிந்தது, பல்பு எரியும்போதே மீட்டரில் 11.8. ஒன்றிலும் இரண்டிலும் அதே. மூன்றில் வைத்தபோது இழை செக்கச்செவேலென்று மங்கலாகத் தெரிந்தது. மீட்டரில் 3.4. பல்பை எடுத்ததும் பழையபடி 12.3.

பையன் மீட்டரைத் தட்டிப் பார்த்தான். மீட்டர் நன்றாகத்தான் இருந்தது.

கணக்குப் போட்டால் அந்த வயருக்குள் சுமார் 8 ஓம் உட்கார்ந்திருந்தது. இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.9. 14 ஓம் இன்ஜெக்டரும் 8 ஓம் வயரும் சேர்ந்தால் 22, கரண்ட் 0.63 ஆம்ப். ஒரு ஆம்ப் போக வேண்டிய இடத்தில் முக்கால்கூட இல்லை. இன்ஜெக்டருக்குக் கிடைப்பது 9 வோல்ட்டுக்கும் குறைவு. வோல்ட் குறைந்தால் இன்ஜெக்டரின் வால்வு மெதுவாகத் திறக்கும். ஐடிலிங்கில் மொத்தத் துடிப்பே இரண்டு மூன்று மில்லிசெகண்ட்தான். அதில் பெரும்பகுதி திறப்பதற்கே போய்விட்டால் பெட்ரோல் தெளிக்க நேரம் ஏது?

இதில் இன்னொரு கொடுமை. பேட்டரி வோல்ட் குறைந்தால் வால்வு தாமதமாகும் என்று ஈசிஎம்முக்குத் தெரியும். அதற்கேற்பத் துடிப்பை நீட்டிக்கொள்ளும். ஆனால் அது பார்ப்பது தன் கப்ளரில் வரும் வோல்ட்டை. அங்கே 13.9 ஜம்மென்று இருக்கிறது. இன்ஜெக்டர் பக்கம் நடப்பது அதற்குத் தெரியவே தெரியாது. வயர் முழுசாக அறுந்திருந்தால் சில ஈசிஎம்கள் கண்டுபிடித்து எரர் போடும். அரைகுறையாக இருந்தால் போடாது. ஸ்கேனர் எதுவும் சொல்லாததற்குக் காரணம் அதுதான். இந்தக் காலத்து வண்டிகள் ஒரு சிலிண்டர் மிஸ்ஸானால் இன்னது என்றே சொல்லிவிடும். இதற்கு அந்தத் திறமை கிடையாது.

நிரூபிக்க ஒரு வழி. பேட்டரி பாசிட்டிவிலிருந்து 5 ஆம்ப் ஃபியூஸ் போட்ட வயர் ஒன்றை மூன்றாம் இன்ஜெக்டரின் சப்ளைப் பின்னுக்கு நேராகக் கொடுத்தோம். வண்டி உடனே நாலு சிலிண்டரில் ஓடியது. வயரை எடுத்தால் நொண்டல், கொடுத்தால் சீர். ஈசிஎம், இன்ஜெக்டர், பெட்ரோல் பம்ப் மூன்றுமே ஒரே அடியில் விடுதலை.

இந்தச் சோதனையை வீட்டில் செய்ய நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இன்ஜெக்டர் கப்ளரில் இரண்டு பின். ஒன்று சப்ளை, மற்றது ஈசிஎம் எர்த் செய்யும் வயர். பாசிட்டிவைத் தப்பான பின்னில் கொடுத்தால் ஈசிஎம்முக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர் போய்விடும், இல்லாத கோளாறு நிஜமாகவே வந்துவிடும். கப்ளரை மாட்டியபடி பார்த்தால் இரண்டு பின்னிலும் 12 வோல்ட் காட்டும், அதை நம்பக் கூடாது. கழற்றிவிட்டுப் பார்க்க வேண்டும். நாலு கப்ளரிலும் ஒரே நிறத்தில் வரும் வயர் சப்ளை, ஒவ்வொன்றிலும் வேறு வேறு நிறத்தில் வருவது ஈசிஎம்முடையது. சந்தேகம் இருந்தால் கையை எடுத்துவிடுவது நல்லது.

இடத்தைப் பிடித்தது

மெயின் ரிலேயிலிருந்து ஒரே வயராக வரும் சப்ளை, இன்டேக் மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் வயர்க்கட்டான ஹார்னஸுக்குள்ளேயே நாலாகப் பிரிகிறது. மற்ற மூன்றுக்கும் சப்ளை நன்றாக இருப்பதால், பழுது பிரிந்த இடத்துக்குப் பிறகு மூன்றாம் கிளையில். நீளம் மொத்தம் இரண்டு முழம்கூட இராது.

பல்பை மூன்றாம் கப்ளரில் எரியவிட்டு, ஹார்னஸைக் கப்ளர் பக்கத்திலிருந்து விரல்விரலாக அமுக்கிக்கொண்டே போனோம். மேனிஃபோல்ட் தாங்கிக்குப் பக்கத்தில் ஓரிடத்தில் அமுக்கியதும் பல்பு பிரகாசமானது, விட்டதும் மங்கியது, வளைத்ததும் அணைந்தது. நெளிக்குழாயைப் பிரித்தோம். உள்ளே பழைய டேப், அதன் பசை உருகி வயரெல்லாம் பிசுபிசு. துடைத்துப் பார்த்தால் வயரின் மேல்தோல் நன்றாகவே இருந்தது. நிறம்கூட மங்கவில்லை. ஆனால் விரலால் வளைத்தால் எதிர்ப்பே இல்லாமல் துவண்டது. கரையான் தின்ற நிலைக்கால் வெளியே பெயின்ட்டோடு நிற்குமே, அப்படி.

லென்ஸ் வைத்துத் தேடியபோது ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை. டெஸ்ட் லேம்ப்பின் கூர்முனையைக் குத்திய தடம்.

பாயிடம் கேட்டபோது யோசித்துச் சொன்னார். முந்தின வருஷம் சேதுக்கரைப் பக்கம் ஒருநாள் வண்டி நின்றுபோனதாம். வழியில் பார்த்த ஓர் எலக்ட்ரீஷியன் இன்ஜின் பக்கம் வயர் வயராகக் குத்திப் பார்த்துவிட்டு, கடைசியில் ஒரு ஃபியூஸை மாற்றி ஓட்டிக் கொடுத்தாராம். “நல்ல மனுசன், காசுகூட வாங்கலை” என்றார் பாய். இருக்கலாம். மதுரையிலோ திருச்சியிலோ குத்தியிருந்தால் அந்தத் துளை பல வருஷம் சும்மா இருந்திருக்கும்.

தோலை உரித்ததும் பச்சைத் தூள் கொட்டியது. துளையிருந்த இடத்தில் மூன்று நாலு இழைதான் மிச்சம், அவையும் கருத்து. துளையிலிருந்து இரண்டு பக்கமும் சாண் தூரத்துக்குச் செம்பின் நிறமே இல்லை. முறுக்கிய இழைகளுக்கு நடுவே இருக்கும் சின்னச் சின்ன இடைவெளி வழியாக உப்பு ஈரம் உறிஞ்சிக்கொண்டே உள்ளே போகும். வெளியே வர அதற்கு வழியில்லை. கறுப்பு என்பது செம்பின் ஆக்ஸைடு. பச்சை என்பது குளோரைடு சேர்ந்த களிம்பு. மலைப்பக்கத்துச் செம்புப் பாத்திரத்தில் பிடிக்கும் களிம்பு ஓரளவுக்குப் பிடித்ததும் நிற்கும். குளோரைடு இருந்தால் அது நிற்பதில்லை, தின்றுகொண்டே போகும்.

காலையில் நொண்டி, பிறகு சரியானதற்கு என் விளக்கம் இது. குளிரில் வயரின் தோல் இறுகிச் சுருங்கும்போது மிச்சமிருந்த இழைகள் விலகின. இன்ஜின் சூடு ஏறித் தோல் இளகியதும் மறுபடி உரசிக்கொண்டன. பள்ளத்தில் குலுங்கினால் திரும்பவும் விலகின. குளிர்ந்த இன்ஜினுக்குப் பெட்ரோல் கூடுதலாகத் தேவை என்பதால் அந்த நேரத்துக் குறை இன்னும் பெரிதாகத் தெரிந்தது.

உப்பு எப்படி வேலை செய்கிறது

கீழக்கரை தென்கடலைப் பார்த்த ஊர். கச்சான் என்று நாங்கள் சொல்லும் தென்மேற்குக் காற்றுக் காலத்தில் மன்னார் வளைகுடா கொந்தளிக்கும். அலை உடைந்து எழும் திவலை காற்றோடு ஏறி ஊருக்குள் படியும். வைகாசியிலிருந்து ஆவணி முடிய வண்டியின் மேல் விரலை வைத்து நக்கினால் கரிக்கும். மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் என்று போனால் இரண்டு பக்கமும் கடல், வடகடல் ஓய்ந்தால் தென்கடல், தென்கடல் ஓய்ந்தால் வடகடல் என்று வருஷம் முழுக்க ஏதாவது ஒரு காற்று உப்பைக் கொண்டுவரும். கரையிலிருந்து சில நூறு மீட்டர் உள்ளே வந்தாலே படியும் உப்பு வேகமாகக் குறைந்துவிடும். அதனால் ராமநாதபுரம் டவுனுக்குள் நிற்கும் வண்டிக்கும் கீழக்கரைத் தெருமுனையில் நிற்கும் வண்டிக்கும் வயரிங்கில் வித்தியாசம் தெரியும்.

உப்பு படிந்தால் மட்டும் போதாது, ஈரம் வேண்டும். நாம் சாப்பிடும் சுத்தமான உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் தண்ணீரை இழுத்துக் கரையும். ஆனால் கடலுப்பில் மக்னீசியம் குளோரைடும் இருக்கிறது. அது 33 சதவீதத்திலேயே இழுக்கத் தொடங்கிவிடும். வாலிநோக்கம் உப்பளத்துக்காரர்களைக் கேட்டால் தெரியும்: உப்பு எடுத்தபின் பாத்தியில் மிஞ்சும் கசப்பு நீரை வடித்துவிடாவிட்டால் உப்பு காயவே காயாது. அந்தக் கசப்பு நீர் முக்கியமாக மக்னீசியம். வண்டியில் படிவது வடிக்காத உப்பு. நடுமத்தியான வெயிலில்கூட அது ஒரேயடியாகக் காய்ந்துவிடுவதில்லை. கச்சானில் படிந்தது தை மாதப் பனியில் நன்றாகவே ஊறிவிடும்.

இந்தக் காற்றின் பலத்தைப் பார்க்க வேறெங்கும் போக வேண்டாம். 1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தின் தூக்குப் பகுதி அரித்துப்போனதால் 2022 டிசம்பரில் ரயில் நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்ஸேன் பூச்சும் போட்டிருக்கிறார்கள். காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகமான சிக்ரி, உலோக அரிப்பை ஆராய மண்டபத்தில் தனியாக ஒரு நிலையமே வைத்திருக்கிறது. பாலத்தைச் சுரண்டிப் பெயின்ட் அடிக்கலாம், தட்டிப் பார்க்கலாம். அரை மில்லிமீட்டர்கூட இல்லாத செம்பு இழை தோலுக்குள் என்ன பாடுபடுகிறது என்று யார் பார்ப்பது? அந்தத் தோல்தான் அதற்கு இருக்கும் ஒரே காப்பு. அதில்தான் ஊசியைக் குத்துகிறோம்.

எங்கள் பட்டறையில் கூர்முனை டெஸ்ட் லேம்ப்பின் முனையை அரம் போட்டு மழுக்கிவிட்டோம். கப்ளரின் பின்பக்கம், வயர் உள்ளே போகும் ரப்பர் இடுக்கு வழியாக மெல்லிய பின் ஒன்றைச் செருகினால் அதே சோதனையைத் தோல் கிழியாமல் செய்யலாம். நேரம் கொஞ்சம் கூடும்.

ரிப்பேர்

செம்பு பளபளவென்று தெரியும்வரை இரண்டு பக்கமும் வெட்டிக்கொண்டே போனோம். கப்ளர் பக்கம் நல்ல செம்பு வரவேயில்லை, அதனால் கப்ளரையே வயர்த் துண்டோடு மாற்ற வேண்டியதாயிற்று. மறுபக்கம் நாலாகப் பிரியும் இணைப்புக்கு அருகில் நல்ல செம்பு கிடைத்தது. கருத்த இழையில் ஈயம் ஒட்டாது. ஒட்டவைக்கிறேன் என்று ஆசிட் பேஸ்ட் போட்டால் ஆறு மாதத்தில் அந்த ஆசிட்டே மிச்சத்தைத் தின்றுவிடும். ரோசின் ஃப்ளக்ஸ் தவிர வேறெதையும் வயரிங் பக்கம் கொண்டுபோகக் கூடாது.

புது வயர், விசைப்படகுக்கு வயரிங் செய்கிறவர்கள் வாங்கும் வெள்ளீயம் பூசிய செம்பு வயர். ஒவ்வொரு இழைக்கும் பூச்சு உண்டு. சாதாரண வயரைவிட விலை கூடுதல், ஆனால் இரண்டு முழத்துக்கு என்ன பெரிய வித்தியாசம் வந்துவிடப் போகிறது?

ஈயம் பற்றவைப்பதா, கிரிம்ப் (உலோகக் குழாய்த் துண்டுக்குள் வயரை வைத்து நசுக்கி இணைப்பது) செய்வதா என்பது இந்தத் தொழிலில் தீராத வழக்கு. ஈயம் இழைகளுக்குள் ஏறி அந்த இடத்தைக் கம்பியாக்கிவிடும், கம்பி முடியும் இடத்தில் அதிர்வில் ஒடியும் என்பது கிரிம்ப்காரர்கள் கட்சி. அது உண்மைதான். ஆனால் நல்ல கிரிம்ப்புக்கு நல்ல பிளையர் வேண்டும். கட்டிங் பிளையரால் நசுக்கிய கிரிம்ப்பைவிட ஒழுங்கான ஈயப்பற்று எவ்வளவோ மேல். நாங்கள் கிரிம்ப் செய்து, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டோம். சூடாக்கும்போது இரண்டு முனையிலும் பசை பிதுங்கி வர வேண்டும். அது வராவிட்டால் ஈரம் போகும். சாதா ஸ்லீவ் இந்த ஊருக்கு ஆகாது. முறுக்கி டேப் சுற்றுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம், ஒரு கச்சான் தாண்டாது.

மற்ற கிளைகளையும் உரித்துப் பார்க்காமல் மூடவில்லை. இரண்டாம் இன்ஜெக்டரின் சப்ளை வயரிலும் அதே உயரத்தில் ஒரு துளை இருந்தது. உள்ளே கறுப்பு தொடங்கியிருந்தது, பல்பு சோதனையில் இன்னும் தெரியாத அளவுக்கு. அதையும் வெட்டி மாற்றினோம். அடுத்த மார்கழியில் அது 2-வது சிலிண்டர் புகாராக வந்திருக்கும்.

எல்லாம் மாட்டியபின் பேட்டரி பாசிட்டிவுக்கும் மூன்றாம் கப்ளரின் சப்ளைப் பின்னுக்கும் நடுவே, பல்பு எரியும்போது, 0.2 வோல்ட் குறைந்தது. ரிலேயும் ஃபியூஸும் வழியில் இருக்கும்போது அவ்வளவு குறைவது நியாயம். பேட்டரி வயரைக் கொஞ்ச நேரம் கழற்றிவைத்து, ஈசிஎம் கூட்டிவைத்திருந்த பெட்ரோல் கணக்கை அழித்துவிட்டு மாட்டினோம். வண்டியை மறுபடி பனியில் விட்டோம். காலையில் ஒரே அடியில் எடுத்தது. ஐடிலிங் நூல் பிடித்தது மாதிரி நின்றது. கரி பிடித்த மூன்று பிளக்கையும் தேய்த்து அதையே போட்டுவிட்டோம், புதுசு வாங்கச் சொல்லவில்லை. கழற்றிக் கையில் வைத்திருந்த பழைய காயிலையும் சோதித்தோம். அதில் எந்தக் குறையும் இல்லை. டிக்கியில் போட்டு வைத்துக்கொள்ளச் சொன்னோம்.

பில்லைப் பார்த்ததும் பாய்க்குச் சந்தேகம் வந்துவிட்டது. “ஈசிஎம் மாத்தலையா தம்பி? அப்ப மறுபடியும் வந்துராதா?” முந்தைய இடத்தில் அந்தப் பேச்சை அத்தனை தரம் கேட்டிருக்கிறார். பல்பையும் வெட்டி எடுத்த வயரையும் மேசையில் வைத்து, பேட்டரியில் கொடுத்து எரித்துக் காட்டிய பிறகுதான் சமாதானமானார்.

வண்டியில் வேலை இன்னும் இருக்கிறது. இடது ஹெட்லைட் கப்ளர் உருகி மஞ்சளித்திருக்கிறது, பெட்ரோல் பம்ப்பின் எர்த் பின்சீட்டுக்குக் கீழே எப்படியிருக்கிறதென்று இன்னும் பார்க்கவில்லை. பெருநாள் முடிந்ததும் கொண்டுவந்து விடுவதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை வண்டியைத் தெருமுனையில் விடாமல், மச்சான் வீட்டுச் சுவர் மறைவில் நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். வாரம் ஒருமுறை பானெட்டுக்கு வெளியே மட்டும் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவவும்.